ரஞ்சன்குடிப் பாறையிலிருந்து தெரிந்தது

ரஞ்சன்குடிக் கோட்டையின் தலைவரான கில்லேதாருக்கு 1751 ஜூலை மாதத்தில் கண்பார்வையில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்தப் பாறை உச்சியில் ஏறி நின்றால் இன்றைக்கும் தெற்கே பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் வடக்கே தொழுதூர்ப் பக்கமிருந்தும் சாலையில் வருகிற லாரிகளை எண்ணலாம். மேற்கே பச்சைமலை நீளத்துக்குத் தெரியும். அன்று வந்தவை லாரிகள் இல்லை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேரில் சந்தா சாகிப்பின் குதிரைப்படையும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம். முகமது அலிக்காகக் கடலூர்ப் பக்கமிருந்து கிளம்பி வந்த ஆங்கிலக் கம்பெனிப் படை இன்னொரு பக்கம். கேப்டன் ஜிஞ்சன்ஸ் அதற்குத் தலைவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டும் சுமார் 500 பேர். படைக்குச் சாப்பாடு, சாமான் பார்த்துக்கொள்கிற அதிகாரியாக ராபர்ட் கிளைவ் என்று ஓர் இளைஞரும் கூட வந்திருந்தார்.

கோட்டை திருச்சிராப்பள்ளிக்குப் போகிற வழியில் இருந்ததால் இரண்டு தரப்பும் கில்லேதாரிடம் ஆளனுப்பின. அவர் இரண்டு பேரிடமும் முகம் கோணாமல் பேசி, ஏறக்குறைய இரண்டு வாரத்தை ஓட்டினார். யாரிடம் எத்தனை பீரங்கி, எத்தனை குதிரை, யார் முகாமில் அடுப்புகள் குறைவாக எரிகின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் வேறு எவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்ததை வாயைத் திறந்து சொல்லவில்லை. யார் ஜெயிப்பார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொறுமை போன ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையைக் கொளுத்தினார்கள். உடனே அவர் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார். அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் மிரண்டு பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடினார்கள். கிளைவ் உட்பட அதிகாரிகள் கத்திப் பார்த்தும் நிற்கவில்லை. வாலிகண்டபுரப் போர் என்று சொல்லப்படுகிற இந்தச் சண்டையில் ஆங்கிலேயர் வென்றதாக எழுதியிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். அவர்கள் ஆளான ராபர்ட் ஓர்ம் 1763-ல் வெளியிட்ட வரலாற்றிலேயே அவமானப்பட்டுப் போன கதையை ஒளிக்காமல் எழுதிவிட்டார். அதற்கு மேல் நாம் அவர்களுக்கு வெற்றி வாங்கித் தர வேண்டியதில்லை.

மறுவருஷம், 1752-ல், காட்சி தலைகீழ். திருவரங்கத்தில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் படைக்கு உதவி கொண்டுபோன தோத்தேய் என்ற தளபதி, ஊட்டத்தூரில் அடி வாங்கி இதே கோட்டைக்குத் திரும்பி ஓடிவந்தார். இந்த முறை கில்லேதாருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பின்னாலேயே துரத்திவந்த கிளைவிடம் தோத்தேய் சரணடைந்தார். சில நாட்களில் திருவரங்கமும் விழுந்தது, சந்தா சாகிப்பின் தலையும் போனது.

கர்நாடக யுத்தக் கதையை முழுக்கச் சொல்ல எனக்கு ஆசையில்லை. நான் வேப்பந்தட்டைக்காரன். எண்பதுகளின் கடைசியில் எல்லைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து பஞ்சாப், குஜராத், திரிபுரா என்று சுற்றிவிட்டுப் பென்ஷனோடு ஊருக்கு வந்தவன். இங்கே என்னை மிலிட்டரிக்காரர் என்பார்கள். பி.எஸ்.எஃப். மிலிட்டரி இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிற படை என்று கொஞ்ச காலம் விளக்கம் கொடுத்துப் பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தபோது டீக்கடையில் எல்லோருக்கும் நான்தான் தொலைக்காட்சி. ஒரே இரவில் 36 இடங்களைக் குறிவைத்துப் பாகிஸ்தான் 300, 400 ட்ரோன்களை அனுப்பியது என்று அரசாங்கமே சொன்ன வாரம் அது. “இனிமே பார்டர்ல ஆளு எதுக்கு மாமா? ட்ரோனே பாத்துக்காதா?” என்று கேட்டான் என் அக்கா மகன். டீக்கடையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. உயரத்திலிருந்து பார்க்கிற ஆசைக்கு வயது அதிகம், எங்கள் கில்லேதார் மாதிரி எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கிறவன் ஒருவன், பார்த்ததை எடுத்துவந்து சொல்கிறவன் இன்னொருவன். எல்லைக் காவலின் வரலாற்றில் முதல் ஆளுக்குத்தான் கோபுரம் கட்டினார்கள். வேலை நடந்ததென்னவோ இரண்டாவது ஆளால்.

எங்கள் பக்கத்துக் காவல் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி வரும், ஊரைக் காப்பதற்காக ஊர் கொடுத்தது. பின்னால் நாயக்கர், நவாப் காலங்களில் காவல்காரர்கள் ஊருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று காவல்கூலி வாங்கினார்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஊரில் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் போன பொருளின் மதிப்பைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தக் காலத்தில் எந்தக் கேமரா கம்பெனி இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்? அந்த முறை கெட்டும் போனது. மாட்டைப் பறிகொடுத்தவன் துப்புக்கூலி கொடுத்தால், மாடு இன்ன ஊரில் இன்ன மரத்தடியில் கட்டியிருக்கும் என்று சேதி வரும். சேதி சொன்னவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதை எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேதிக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்காமல் சேதி வராது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

வடக்கே இதே காரியத்தைத் தடம் பார்த்துச் செய்தார்கள். பஞ்சாபில் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதை எழுதி வைத்தார்கள். களவு போன மாட்டின் தடம் ஓர் ஊரின் எல்லைக்குள் போனால், அது வெளியேறிய தடத்தை அந்த ஊரார் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பொறுப்பு அவர்கள் தலையில். குஜராத்தில் தடம் பார்க்கிறவரைப் பகி என்பார்கள், ராஜஸ்தான், பஞ்சாபில் கோஜி. ரப்பாரி இனத்து ஆட்டு மாட்டுக்காரர்கள் பலர் இதில் கெட்டிக்காரர்கள். ஆயிரம் கால்நடைகளுக்கு நடுவே தன் ஒட்டகத்தின் காலடியை அடையாளம் காண்கிறவனுக்கு மனிதக் கால் பெரிய விஷயமில்லை.

இந்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாலைவனப் பகுதியில் வேலியை ஒட்டி ஒரு மணல் பட்டை இருக்கும். சாயங்காலம் அதைச் சமப்படுத்தி இழுத்துவிடுவார்கள், ஒட்டகத்தை வைத்தோ டிராக்டரை வைத்தோ. விடிந்ததும் அதையொட்டி நடந்து தடம் பார்க்க வேண்டும். குரா செக்கிங் என்று அதற்குப் பெயர். கடத்தல்காரனும் சும்மா வரமாட்டான். செருப்பை முன்பின்னாகக் கட்டிக்கொண்டு வருவான், காலில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவான், பின்பக்கமாகவே நடப்பான். எங்கள் சாவடிக்கு வந்துபோன கிழவர் ஒருவர் ஒரு தடத்தின் முன் குந்தி உட்கார்ந்து, வாயில் பீடியோடு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு விரலால் காட்டினார். தடத்தின் குதிகால் குழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பூச்சி ஓடிய கோடு, தையல் போட்ட மாதிரி. அந்தப் பூச்சி ராத்திரி நடமாடுவது, வெயில் ஏறினால் மணலுக்குள் போய்விடும். தடத்தின் மேல் அது ஓடியிருப்பதால் ஆள் விடிவதற்கு வெகு முன்னால் போயிருக்கிறான். குதிகால் முன்பக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருந்தது. ஆகவே முதுகில் சுமையில்லை, பின்பக்கமாக நடந்திருக்கிறான் என்றார். நான் மண்ணை மட்டும்தான் பார்த்தேன். என் கண்ணும் அவர் கண்ணும் அதே குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

இவர்களில் நாடறிந்தவர் ரண்சோட் பகி. பனாஸ்காண்டா மாவட்டத்துக்காரர், பிரிவினைக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். 1965, 1971 இரண்டு போர்களிலும் ரண் பாலைவனத்தில் படைக்கு வழிகாட்டினார். நூறு வயதைத் தாண்டி 2013-ல் இறந்தார். சுயிகாம் பக்கத்தில் ஓர் எல்லைச் சாவடிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கால்நடைக்காரர் பெயரில் ஒரு பி.எஸ்.எஃப். சாவடி!

எங்கள் படை பிறந்ததும் அந்த ரண் பாலைவனத்தால்தான். சுதந்திரம் வந்து பதினெட்டு வருஷம் பாகிஸ்தான் எல்லையை அந்தந்த மாநிலத்து ஆயுதப் போலீஸே காவல் காத்தது. குஜராத்துக்கு ஒரு முறை, ராஜஸ்தானுக்கு ஒரு முறை, பஞ்சாபுக்கு இன்னொரு முறை. ஒருவர் பார்த்தது மற்றவருக்குப் போய்ச் சேர வழியில்லை. 1965 ஏப்ரல் 9 அன்று கட்சில் சர்தார் போஸ்ட் மீது பாகிஸ்தானின் ஒரு முழு பிரிகேட் பாய்ந்தது. அங்கே இருந்தவர்கள் சி.ஆர்.பி.எஃப். ஆட்கள் கொஞ்சம் பேர், தாக்குப்பிடித்தார்கள். அந்த நாளை சி.ஆர்.பி.எஃப். இன்றும் வீரதினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் போலீஸை வைத்து எல்லையைக் காக்க முடியாது என்பது டெல்லிக்கு அன்றுதான் உறைத்தது. 1965 டிசம்பர் 1-ல், 25 பட்டாலியன்களோடு, ருஸ்தம்ஜி தலைமையில் பி.எஸ்.எஃப். தொடங்கியது. இன்றைக்குப் பாகிஸ்தானோடு 3,323 கிலோமீட்டர், வங்கதேசத்தோடு 4,096 கிலோமீட்டர் என்று எல்லைக் கணக்கு சொல்வார்கள். அதில் பெரும்பகுதி எங்கள் தலையில்.

நான் பஞ்சாபுக்குப் போன காலத்தில் வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1988-ல் ஆரம்பித்த வேலை. இரட்டை வரிசைக் கம்பி, நடுவில் சுருள் கம்பி, கூடவே வரிசையாகக் கொளுத்துகிற ஃப்ளட்லைட். அந்த வெளிச்சக் கோடு விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில்கூடத் தெரிகிறது என்று பிற்காலத்தில் பேரன் பேத்திகளுக்குக் காட்ட வசதியாகிவிட்டது. வேலி நேராக எல்லைக்கோட்டில் இல்லை. கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் பஞ்சாபி விவசாயிகளின் நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. சொந்த வயலுக்குப் போக கேட்டில் அடையாள அட்டை காட்ட வேண்டும். டிராக்டரை, டிபன் கேரியரை, உரமூட்டையைச் சோதிப்போம். சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஆடு மாடு மேய்க்கிறவன் அதுவரை எந்த அட்டையும் பார்த்ததில்லை.

இன்னொரு கட்டுப்பாடு எனக்கு அங்கே போன முதல் பருவத்திலேயே சங்கடம் கொடுத்தது. ஆள் உயரத்துக்கு வளர்கிற பயிரை வேலியோரம் போடக் கூடாது. கரும்பு கூடாது, மக்காச்சோளம் கூடாது, பருத்தியும் கூடாது. உள்ளே ஆள் ஒளிந்தால் தெரியாது. எங்கள் ஊரில் மழை பெய்தால் இந்த இரண்டையும்தான் போடுவோம், மக்காச்சோளமும் பருத்தியும். வேப்பந்தட்டையில் பருத்திக்கென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்தப் பயிரைப் போடாதே என்று ஒரு குடியானவனிடம் போய்ச் சொல்கிற வேலை எனக்கு. எனக்கு அப்போது இந்தியே அரைகுறை. கேட்டில் வந்த ஒரு சர்தார்ஜி, என்னைவிட இருபது வயது மூத்தவர், “மதராசி, உங்க ஊரிலே என்ன போடுவீங்க?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். பிறகு தினமும் கேட்டில் இரண்டு பஞ்சாபி வார்த்தை கற்றுக் கொடுத்துவிட்டுப் போவார். சில மாதம் கழித்து, வேலிக்கு அந்தப் பக்கத்தில் புதிதாக ஒருவன் வந்து புல் அறுக்கிறான், அவன் அரிவாள் பிடிக்கிற கை குடியானவன் கையில்லை என்று அவர்தான் வந்து சொன்னார். எங்கள் கண்காணிப்புக் கோபுரமான ஓ.பி. டவரில் இருந்தவனும் அவனைப் பார்த்திருக்கிறான். பைனாகுலரில் நன்றாகவே பார்த்திருக்கிறான். புல் அறுக்கிற ஆள் என்று டைரியிலும் எழுதியிருக்கிறான்.

கார்கில் இதே கதைதான், பனிமலை உயரத்தில். 1999 மே தொடக்கத்தில் பட்டாலிக் பக்கத்து கார்கோன் கிராமத்தில் தாஷி நம்கியால் என்ற ஆட்டிடையர் காணாமல்போன தன் யாக் எருதைத் தேடி மலையேறினார். பைனாகுலரில் பார்த்தவருக்குத் தூரத்தில் ஆட்கள் பாறையை உடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தன் ஊர்க்காரர்கள் இல்லை என்று கண்டு, இறங்கிவந்து பட்டாளத்திடம் சொன்னார். அதற்கு முன் அந்தக் குளிர்காலம் முழுக்க ஹெலிகாப்டர்கள் கண்காணிப்புக்காகப் பறந்திருந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. சண்டை மூண்ட பிறகு புகைப்படம் எடுக்கப்போன விமானப்படையின் கான்பெரா விமானம் ஏவுகணையில் அடிபட்டு, ஒற்றை எஞ்சினில் தப்பித் திரும்பியது. திருச்சிக்காரர் மேஜர் சரவணன் மே 29-ல் அதே பட்டாலிக்கில் விழுந்தார். அவர் உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஜூலையில் எங்கள் மாவட்டத்தில் அவரைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. தாஷி நம்கியால் 2024 டிசம்பரில் இறந்தார்.

ட்ரோன் நம் எல்லைக்கு முறையாக வந்தது அதற்குப் பிறகுதான், அதிலும் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. கார்கிலில் எங்கே கோட்டைவிட்டோம் என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம், 1929-ல் திருச்சியில் பிறந்தவர். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல்தான், ஆக அவர் எங்கள் பழைய மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவர் குழுவின் அறிக்கை, செயற்கைக்கோளும் ஆளில்லா விமானமும் நமக்கு உடனே வேண்டும் என்றது. அதோடு, ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குப் போய்ச் சேரவில்லை என்றும் விலாவாரியாகச் சொன்னது. முதல் யோசனைக்குப் பணம் ஒதுக்குவது சுலபம். இஸ்ரேலின் செர்ச்சரும் ஹெரானும் வந்தன. நம் டி.ஆர்.டி.ஓ. செய்த நிஷாந்த், லாரியிலிருந்து கவண் மாதிரி எறிந்து பறக்கவிடுகிற வகை. பட்டாளத்துக்குக் கொடுத்த நான்கும் 2015-க்குள் விழுந்து நொறுங்கின, திட்டத்தையே மூடினார்கள். சின்ன வகையில் நேத்ரா தேறியது. அதை டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து செய்த ஐடியாஃபோர்ஜ் கம்பெனியின் ட்ரோனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ‘3 இடியட்ஸ்’ படத்தில் ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே பறக்கிறதே, அது அவர்கள் செய்தது.

தமிழ்நாட்டில் இது வந்து இறங்கிய இடம் ராமநாதபுரம் உச்சிப்புளி. அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானங்களுக்கென்று தனி அணியைத் தொடங்கினார்கள். ஹெரான் ஒரு நாள் முழுக்க வானில் நிற்கும். பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் பார்ப்பது அதன் வேலை. 1974-லும் 1976-லும் காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது என்பது ராமேஸ்வரத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஒரு விசைப்படகு கோட்டைத் தாண்டியிருப்பது துல்லியமாகத் தெரியும். இறால் பின்னால் போனதா, எஞ்சின் நின்று நீரோட்டத்தில் போனதா, வேறு சரக்கு எடுக்கப் போனதா என்பது படகுத்துறையில் இருப்பவனைக் கேட்டால்தான் தெரியும். நீரிணைக்கு அந்தப் பக்கம் வன்னியில், போர்க்காலத்தில் இதே வகை விமானத்தை மக்கள் வண்டு என்றார்கள். அதன் ரீங்காரம் கேட்டால் அடுத்து குண்டு விழும் என்று பதுங்குகுழிக்கு ஓடினார்கள். கண்காணிக்கிற யந்திரத்தைப் பற்றி நாம் உற்சாகமாகப் பேசும்போது, கீழே இருந்து அதைக் கேட்டவர்களும் நம் மொழி பேசுகிறவர்களே என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

பெரியது வேண்டும் என்று 2020 நவம்பரில் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளிக்கு அமெரிக்காவின் இரண்டு எம்.க்யூ.-9பி ட்ரோன்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறங்கிவிட்டது. அடுத்த மாதமே 31 ட்ரோன்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8. விலையைச் சொன்னால் டீக்கடையில் நம்பமாட்டார்கள் என்பதால் நான் சொல்வதில்லை.

பஞ்சாபில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கம்பி போட்டோம், விளக்கு போட்டோம், இரவில் வெப்பத்தை வைத்து ஆளைக் காட்டுகிற கருவி வாங்கினோம், உயரப் பயிரைத் தடுத்தோம். எல்லாம் நடந்து வருகிறவனுக்காக. 2019 செப்டம்பரில் தரன் தாரன் பக்கம் பாகிஸ்தானிலிருந்து ட்ரோனில் துப்பாக்கிகள் வந்து இறங்கியது வெளியே தெரிந்தது. 2021 ஜூன் 27-ல் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மேலேயே ட்ரோனில் வெடிகுண்டு போட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளம். 2023-ல் பஞ்சாப் எல்லையில் பிடித்த ட்ரோன்கள் 107, 2024-ல் 294. பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுக்கிற அளவு சின்ன சீன ட்ரோன்கள். அரை கிலோ ஹெராயினை மஞ்சள் டேப் சுற்றி, கம்பி வளையம் கோத்து, இருட்டில் தேடியெடுக்க மினுங்குகிற குச்சி ஒன்றும் ஒட்டி அனுப்புகிறான். உயரத்தில் பறந்தால் சத்தமும் கேட்காது. நாக்கா என்கிற இரவுக் காவலில் மூட்டத்துக்குள் படுத்திருக்கிறவன் தலைக்கு மேல் போய்விடும். முப்பது வருஷமாகக் கட்டிய வேலிக்கு ஒரே ராத்திரியில் உயரம் போதாமல் போயிற்று.

எதிர்ப்பு ட்ரோன் கருவி வந்தது, ரேடியோ அலையைக் குழப்புகிற துப்பாக்கி வந்தது. 2025-ல் குவாலியர் அருகே டேகன்பூரில் எங்கள் அகாடமியிலேயே ட்ரோன் போர்ப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். எல்லாம் தேவைதான், நான் கேலி பேசவில்லை. ஆனால் அந்த மஞ்சள் பொட்டலங்களில் எத்தனையோ வயல்காரன் கண்ணில்தான் முதலில் படுகின்றன. காலையில் தண்ணீர் திருப்பப் போகிறவன் வரப்பில் ஒன்றைப் பார்க்கிறான். அவனுக்கு முன்னால் மூன்று வழி. எடுத்து வைத்துக்கொண்டு, தேடி வருகிறவனிடம் காசு வாங்கலாம். பார்க்காத மாதிரி போகலாம். அல்லது போன் செய்யலாம். போன் செய்தால் அன்றைய வேலை கெட்டது. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டும், சாட்சி என்று கோர்ட்டுக்கு அலைய வேண்டும், ஊருக்குள் கடத்தல்காரன் ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும், அவனுடைய முறைப்பையும் தாங்க வேண்டும். 2021 வரை இங்கே நமக்கு ஆளுநராக இருந்துவிட்டுப் பஞ்சாபுக்குப் போன பன்வாரிலால் புரோகித், அங்கே எல்லை மாவட்டங்களுக்குச் சுற்றுப்பயணம் போய்க் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னார். இங்கே அவரைப் பற்றி ஆயிரம் சண்டை இருந்தது, இருக்கட்டும். அந்த ஒரு காரியத்தில் அவர் சரியான இடத்தில் கை வைத்தார். பி.எஸ்.எஃப்.பும் சேதி சொல்கிறவனுக்குச் சன்மானம் அறிவித்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் துப்புக்கூலிதான், இப்போது சர்க்கார் கையால்.

என் அக்கா மகன் மக்காச்சோளக் காட்டுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிறான். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து தலைக்கு மேல் வளர்ந்த சோளத்துக்குள் ஆள் நுழைந்து மருந்தடிப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. இது பத்து லிட்டர் டேங்க், ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். நான் ஒருநாள் காட்டில் நின்று பார்த்தேன். பறக்கவிடுவதற்கு முன் காட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நான்கு மூலையும் நடந்தான். “பெரியப்பா, ஸ்டே கம்பி எங்கெங்க இருக்கு? அந்தப் புளியமரத்துக்கு அங்கால தேன்பெட்டி எதும் வச்சிருக்காங்களா?” மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி சோளத்துக்குள் மறைந்து நிற்கும், கேமராவில் விழாது. போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருவருடைய ட்ரோன் அதில் மாட்டி இறக்கை போனதாம்.

இப்போது எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதி பி.எஸ்.எஃப்.புக்குத் தேர்வாகியிருக்கிறான். ட்ரோன் ஓட்டத் தெரியும் என்பதால் டேகன்பூர் பள்ளிக்கே அனுப்புவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். போவதற்குள் என்ன படிக்கட்டும் என்று கேட்டான். பேட்டரி, ரேடியோ, மேப் என்று நான் பட்டியல் போடுவேன் என்று எதிர்பார்த்து நோட்டும் பேனாவும் எடுத்து வந்திருந்தான். பஞ்சாபி எழுத்து கற்றுக்கொள்ளச் சொன்னேன். “மாமா, வெளையாடாதீங்க” என்றான். நோட்டை வாங்கி முதல் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வரை குர்முகியில் ஊடா, ஐடா, ஈடி என்று முதல் மூன்று எழுத்தை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது எழுத்தில் சுழியை எந்தப் பக்கம் போடுவது என்று இரண்டு பேரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.